காசோ, காட்டோ?

ஸ்கார்பரோவில் நான் காய்கறி வாங்குற தமிழ்க்கடையில கல்லாவுல ஒரு அக்கா இருப்பாங்க. யாழ்ப்பாணத்துக்காரங்க. பில் போட்டு முடிச்சதும் எப்பவும் ஒரே கேள்விதான்: "காசோ, காட்டோ?" போன வாரம் பில் 18 டாலர் 43 சென்ட். "காசெண்டா நாப்பத்தஞ்சு தம்பி, காட்டெண்டா நாப்பத்திமூண்டு" அப்படின்னாங்க. (கனடாவில் ஒரு சென்ட் நாணயத்தை வங்கிகளுக்கு அனுப்புறதை 2013 பிப்ரவரி 4ஆம் தேதியோட நிறுத்திட்டாங்க. அதனால ரொக்கமாக் கொடுத்தா மட்டும் அஞ்சு சென்ட்டுக்கு ரவுண்டு பண்ணுவாங்க.)

காசு. கேஷ். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுச் சொல்லிப் பாருங்க. அண்ணன் தம்பி மாதிரி இல்ல? ஒன்பதாம் வகுப்புல எங்க தமிழய்யா சொன்னதும் அதுதான். "வெள்ளைக்காரன் நம்ம காசையும் எடுத்துக்கிட்டுப் போனான், காசுங்கிற சொல்லையும் எடுத்துக்கிட்டுப் போனான்." வகுப்பே கைதட்டிச்சு. அன்னிலேருந்து போற இடமெல்லாம் இதைச் சொல்லி காலரைத் தூக்கி விட்டுக்கிட்டவன் நான்.

இங்க எங்க டிபார்ட்மெண்ட் விருந்து ஒண்ணுல அதே கதையை எடுத்து விட்டேன். மாண்ட்ரியல்லேருந்து வந்து படிக்கிற பொண்ணு ஒருத்தி சிரிச்சுட்டா. "எங்க பிரெஞ்சுல 'கேஸ்'னா பெட்டி. கல்லாவுக்கும் அதே பேர்தான்" அப்படின்னா. அங்கேயே ஒருத்தன் அகராதியைத் திறந்து சத்தமா வேற படிச்சுட்டான். மானம் போச்சு!

விஷயம் இதுதான். கையிருப்புப் பணம்னு அர்த்தம் வர்ற 'கேஷ்', 16ஆம் நூற்றாண்டின் கடைசியில ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிரெஞ்சு 'கேஸ்' அல்லது இத்தாலிய 'காஸ்ஸா'விலிருந்து வந்தது. ரெண்டுக்கும் மூலம் லத்தீன் 'கப்ஸா', அதாவது பெட்டி. முதல்ல பணப்பெட்டிக்குப் பேரா இருந்தது, அப்புறம் பெட்டிக்குள்ள இருக்குற பணத்துக்கே பேராயிடுச்சு. "கல்லாவுல எவ்வளவு தேறும்?"னு நாம கேக்குறோமே, அந்த மாதிரி. சாமான் வைக்கிற 'கேஸ்', மாத்திரை 'கேப்ஸ்யூல்', கடை 'கேஷியர்' எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஆனா ராணுவ அதிகாரியை அவமானப்படுத்தி வேலையை விட்டுத் தூக்குறதுக்கும் ஆங்கிலத்துல 'கேஷியர்'னு ஒரு வினைச்சொல் இருக்கு. அதுக்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்ல. உடைக்கிறது, ரத்து பண்றதுன்னு பொருள்படுற வேற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரே ஒலி இருந்தா ஒரே வம்சம்னு நினைக்காதேன்னு எனக்குக் கிடைச்ச முதல் பாடம்.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன் :-)

அடுத்த வாரம் என் சீனத் தோழி தன்னோட சாவிக்கொத்தைக் காட்டினா. நடுவுல சதுர ஓட்டை போட்ட பழைய செப்பு நாணயம் ஒண்ணு தொங்குது. "நாங்க இதைச் சீனத்துல 'சியென்'னு சொல்லுவோம். ஆங்கிலத்துல மட்டும் ஏன் இதுக்கு 'கேஷ்'னு பேரு? பெட்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அதே அகராதியில, நான் வெக்கத்துல படிக்காம விட்ட அடுத்த பதிவு. 'கேஷ்', இரண்டாவது சொல்: தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயம். போர்த்துகீசிய 'கைஷா' வழியா, தமிழ் 'காசு'விலிருந்து!

1510ல் அச்சான தன் பயண நூல்ல, இத்தாலிக்காரர் லுடோவிகோ டி வர்தேமா கோழிக்கோட்டு நாணயத்தை 'காஸ்'னு குறிச்சிருக்கார். போர்த்துகீசியர் அதை 'கைஷா' ஆக்கினாங்க. வேடிக்கை என்னன்னா அவங்க மொழியில பெட்டிக்கும் 'கைஷா'ன்னுதான் பேரு, அதுவும் அதே 'கப்ஸா' வழி வந்தது. நம்ம சொல்லு அந்தப் பெட்டியோட சட்டையை மாட்டிக்கிட்டு, கிழக்கே போய் சீனக் காசு மேலயும் ஒட்டிக்கிச்சு. 2011ல் கனடாவோட யூகான் பகுதியில கிடைச்ச 17ஆம் நூற்றாண்டுச் சீன நாணயத்துக்கும் ஆங்கிலத்துல இந்தப் பேர்தான். நான் விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே காசு கனடா வந்துடுச்சு!

காசு எப்பவும் சில்லறையா இருந்ததில்ல. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகள்ல அது பெரிய பணம். கோயில்ல கடன் வாங்கின ஊர்க்காரங்க காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டினாங்க, அதாவது 12.5 சதவீதம். சோழர் கல்வெட்டுகள்ல 'ஈழக்காசு'ன்னே ஒண்ணு வருது. கம்பெனி காலத்து மதராஸ்லயோ காசு கடைசிப் படிக்கு இறங்கிடுச்சு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818 வரைக்கும் இதுதான் கணக்கு. 1803ல் பர்மிங்காம்ல அடிச்ச 20 காசு செப்பு நாணயத்துல பாரசீக வரிக்குக் கீழே ஆங்கிலத்துல 'கேஷ்'னே போட்டிருக்கும். இப்படி டன் கணக்கில் காசு ஏத்திக்கிட்டுக் கிளம்பின 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டுல மூழ்கிச்சு. 1980கள்ல முக்குளிச்சு எடுத்தாங்க. அந்த மதராஸ் காசை இன்னிக்கும் வெளிநாட்டுல விலைக்கு வாங்கலாம்.

இன்னொண்ணும் சொல்லிடணும். காசு நம்ம சொந்தச் சொல்லா, 'கர்ஷ'ங்கிற சமஸ்கிருத எடைப்பெயரிலிருந்து வந்ததாங்கிறதுலயே அறிஞர்களுக்குள்ள ஒத்த கருத்து இல்ல. மத்தவன் பெட்டியில கை வைக்கிறதுக்கு முன்னாடி நம்ம பையையும் ஒருதரம் உதறிப் பாத்துக்கணும்.

போன ஞாயிறு தமிழய்யாவுக்கு போன் போட்டேன். ரெண்டு கேஷ் இருக்கு, நமக்குச் சொந்தம் சின்னதுதான்னு தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "சீனாக்காரன் காசுக்கு நம்ம பேரா? இதை ஏண்டா எனக்கு முன்னாடியே யாரும் சொல்லல? நாளைக்குத் தெருப்பசங்ககிட்டச் சொல்லணும்" அப்படின்னார்.

நேத்து கடையில அக்கா வழக்கம்போலக் கேட்டாங்க. ரெண்டு சென்ட் போனாப் போகுதுன்னு சொன்னேன்: "காசுதான் அக்கா."