இரண்டு வருடக் கெடு

அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஆரஞ்ச் என்ற ஊரில் இருந்த ரேடியம் பட்டறையை விட்டு கிரேஸ் ஃப்ரையர் நின்றது 1920-இல். கடிகார முகப்பில் இருட்டிலும் ஒளிரும் எண்களை எழுதுகிற வேலை. தூரிகை முனை கூராக வேண்டும் என்று உதட்டில் வைத்து வைத்து எடுப்பார்கள். உடம்பு ரேடியத்தைச் சுண்ணாம்புச் சத்தாக எண்ணி எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பல் விழுந்தது, தாடை அரித்தது, முதுகெலும்பு நொறுங்கியது. 1927-இல் அவர் வழக்குப் போட்டார். பின்னாலேயே நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். நிறுவனம் முதலில் தூக்கிய கேடயம் காலக்கெடு: இரண்டு ஆண்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்றது. நோயோ அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது. கடைசியில் 1928 ஜூனில் ஆளுக்குப் பத்தாயிரம் டாலர், வருடம் 600 டாலர், மருத்துவச் செலவு என்று சமரசம் ஆனது.

காரைக்காலில் தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். அந்த இரண்டு ஆண்டு என் மேஜைக்கும் வந்திருக்கிறது. நம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் கதிர்வீச்சு நோய்கள் உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்தவருக்கு நோய் வந்தால், அது வேலையால் வந்ததென்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேலையை விட்டவருக்கு இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தென்பட வேண்டும் என்கிறது அதே சட்டம். தாமதத்தை மன்னிக்க வழி இருக்கிறது. அதை நம்பித்தான் மனு எழுதுகிறோம்.

இங்கே கடிகாரத்துக்கு வண்ணம் பூசியவர்கள் இல்லை. நரிமணம் பக்கத்தில் குழாய் வெல்டிங்கை இரிடியம்-192 கதிர்வீச்சைக் கொண்டு படம் பிடிக்கும் பையன்கள் இருக்கிறார்கள். இரிடியம் இருக்கும் கருவியை அவர்கள் ‘கேமரா’ என்பார்கள். ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்த திருநள்ளாற்றுப் பையன் என்னிடம் சொன்னது: “பேட்ஜை ரூம்லயே வெச்சிட்டுப் போகச் சொல்லுவாங்க சார், டோஸ் ஏறிடுச்சின்னா வேலை நின்னுடும்னு.” எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பத்து, இருபது வருடம் கழித்து ரத்தப் புற்றுநோய் வந்தால் அவனுக்குச் சாட்சி சொல்ல வேண்டியது, கதிர்வீச்சு அளவைப் பதியும் அந்த டி.எல்.டி. பேட்ஜ்தான்.

காப்பீட்டின் கதை இதைவிட மோசம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் ஒட்டாவா ஊரில், ரேடியம் டயல் கம்பெனியில் கடிகாரத்துக்கு வண்ணம் பூசிய கேத்தரின் டோனஹ்யூ 1938 பிப்ரவரியில் விசாரணையின்போதே சரிந்து விழுந்தார். மறுநாள் விசாரணையை அவர் வீட்டுக்கே கொண்டுபோனார்கள். சோபாவில் படுத்தபடி சாட்சி சொன்னார். ஜெயித்தார், ஆனால் அந்த ஜூலையிலேயே இறந்தார். கம்பெனிக்குக் காப்பீடு கொடுக்க யாரும் முன்வராததால், அது ஆணையத்திடம் கட்டியிருந்த பத்தாயிரம் டாலர் பிணைத்தொகைதான் எல்லாப் பெண்களுக்கும் மிஞ்சியது. நம் சட்டத்தின்படி முதலாளி திவாலானால் தொழிலாளி நேராகக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கலாம். பாலிசி என்று ஒன்று இருந்தால்! இருந்தாலும், அணு எரிபொருளும் அதன் கழிவும் உண்டாக்கும் கதிர்வீச்சை விலக்கும் வரி பொதுக் காப்பீட்டுப் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். இரிடியம் கேமராவுக்கு அது பொருந்தாது என்று நாம்தான் வாதாட வேண்டும்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த 1931-லேயே பிரான்ஸ் கதிர்வீச்சு நோய்களைத் தன் தொழில்நோய் அட்டவணையில் சேர்த்துவிட்டது. இன்று அந்த ஆறாம் எண் அட்டவணையில், கதிர்வீச்சு வேலையை விட்டபின் ரத்தப் புற்றுநோய்க்கு 30 ஆண்டு, எலும்புப் புற்றுநோய்க்கு 50 ஆண்டு அவகாசம். பிரெஞ்சுப் படையில் இருந்ததற்காகப் பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்கள் இருக்கும் இதே தெருக்களில், கேமரா தூக்கும் பையனுக்கு இரண்டு வருடம். நோயின் வேகத்தைப் பார்த்துக் கெடு வைத்தது பிரெஞ்சுச் சட்டம். நம் சட்டமும் அப்படி வைக்க வேண்டும் என்று எனக்குக் கிடைக்கிற மேடையிலெல்லாம் கேட்கிறேன்.

அதுவரை, வேலையை விடும் ஒவ்வொருவரிடமும் ஒன்று சொல்கிறேன்: கான்ட்ராக்டரிடம் உன் டோஸ் கணக்கை எழுத்தில் கேள், டி.எல்.டி. பேட்ஜ் எண்ணோடு. நகல் ஒன்றை என் அலமாரியில் போட்டு வை.