ரோலான்ட்செக்: ஊரும் ரயில் நிலையமும்

ரோலான்ட்செக், ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரைச் சிற்றூர். பான் நகருக்குத் தெற்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில், ஆற்றின் இடக்கரையில் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் பிரஷ்யாவின் ரைன் மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. இன்று ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தின் வடக்கு எல்லையில், ரெமாகென் நகராட்சிக்குள் அடங்குகிறது. எதிர்க்கரையில் ‘ஏழு மலைகள்’ என்று பெயர் பெற்ற குன்றுத்தொடரும், அதன் முகப்பில் 321 மீட்டர் உயரமுள்ள டிராகென்ஃபெல்ஸும் நிற்கின்றன. ஆற்றின் நடுவே நோனன்வெர்ட் தீவு. கரையில் சமதரை மிகக் குறுகல்: ஆறு, சாலை, தண்டவாளம், நிலையம், அதன் முதுகை ஒட்டியே மலைச்சரிவு. ஊர் சிறிது, நிலையம் பெரிது. இந்தப் பொருத்தமின்மையே ரோலான்ட்செக்கின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோனது.

ஊர்ப்பெயர் மலைமேல் இருந்த கோட்டையிலிருந்து வந்தது. கொலோன் பேராயர் முதலாம் ஃபிரீட்ரிஹ் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டுவித்தார் என்பது பொதுவான கருத்து. மாவீரன் ரோலாண்டின் பெயர் அதற்கு எப்படி வந்தது என்பதற்குக் கதைதான் உண்டு. ஸ்பெயின் எல்லைப் போரில் ரோலாண்ட் இறந்துவிட்டதாகச் செய்தி வர, அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் நோனன்வெர்ட் மடத்தில் துறவு பூண்டாளாம். உயிரோடு திரும்பிய அவன், மடம் கண்ணில் படும் உயரத்தில் கோட்டை கட்டி, சாகும்வரை சாளரத்தின் வழியே தீவைப் பார்த்தபடி இருந்தானாம். ரோலாண்ட் வீழ்ந்ததாகச் சொல்லப்படும் போர் 778இல் நடந்தது. மடமோ 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி கதை சொல்பவர்களை உறுத்தியதாகத் தெரியவில்லை.

கோட்டையில் கடைசியாக எஞ்சியது ஒரே ஒரு சாளர வளைவு. 1839 டிசம்பர் இறுதியில் அதுவும் சரிந்தது. ஆற்றின் மறுகரையில் ஊங்கெல் என்ற ஊரில் அப்போது குடியிருந்த கவிஞர் ஃபெர்டினான்ட் ஃபிரைலிக்ராத், 1840 ஜனவரியில் கொலோன் செய்தித்தாளில் கவிதையாகவே ஒரு வேண்டுகோள் விடுத்தார். நிதி சேர்ந்தது, அந்த நோக்கத்துக்கென்றே ஒரு தொகுப்பு நூலும் வந்தது. கொலோன் பேராலயப் பணிகளைக் கவனித்துவந்த கட்டடக் கலைஞர் ட்ஸ்விர்னரின் பொறுப்பில் அதே ஆண்டு வளைவு மீண்டும் எழுந்தது. இன்று ‘ரோலாண்ட் வளைவு’ என்று அஞ்சலட்டைகளில் காணப்படுவது இந்த இரண்டாம் வளைவுதான்.

தீவு மடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. பின்னர் அக்கட்டடம் தங்கும் விடுதியாகவும் இருந்தது. இசைக்கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட் 1841 முதல் 1843 வரை கோடைகளில் அங்கு வந்து தங்கினார். தமது முப்பதாம் பிறந்தநாளன்று அவர் தீவில் ஒரு மரம் நட்டார் என்பது வழிவழிச் செய்தி. 1854இல் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் அங்கே குடியேறினர்.

கொலோனுக்கும் பானுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1844இல். அடுத்த பத்தாண்டுக்கு மேல் பானோடு பாதை நின்றுவிட்டது. 1856இல் அதே நிறுவனம் தெற்கே ரோலான்ட்செக் வரை பாதையை நீட்டியது. ஊருக்குத் தேவைப்பட்டு வந்த நீட்டிப்பு அல்ல இது. ரைன் பள்ளத்தாக்கைக் காண ஐரோப்பாவே கிளம்பி வந்துகொண்டிருந்த காலம் அது. கொலோனில் ஏறியவர் இங்கே இறங்கி, சாப்பிட்டு, காட்சி பார்த்து, நீராவிக் கப்பல் ஏறி மேல்நோக்கிப் போகலாம் என்பதே கணக்கு. பாதை முடியும் இடம் என்பதால் நிலையமும் வழக்கமான நிலையமாக இருக்கவில்லை. செவ்வியல் பாணியில் முகப்பு, மாடியில் விழா அரங்கு, ஆற்றையும் ஏழு மலைகளையும் பார்த்தபடி வார்ப்பிரும்பு வேலைப்பாடு கொண்ட திறந்த மாடங்கள் என, பயணச்சீட்டு வாங்கும் இடம் என்பதைவிட மாளிகை என்றே அதைச் சொல்லலாம்.

நிலையத்தின் பிறந்த ஆண்டு எது என்பதில் நூல்கள் ஒன்றுபடுவதில்லை. ரயில் வந்த 1856ஐச் சில கொள்கின்றன. கட்டடம் முழுமை பெற்ற 1858ஐச் சில கொள்கின்றன. இரண்டாம் கணக்கை ஏற்றால் ஒரு வேடிக்கை வெளிப்படும். அதே 1858இல் பாதை ரெமாகெனைத் தாண்டிக் கோப்ளென்ஸை எட்டிவிட்டது. மறு ஆண்டு பிங்கர்ப்ரூக் வரை போயிற்று. பயணிகள் காத்திருப்பதற்கென்றே எழுப்பிய மாளிகை முடிந்த ஆண்டிலேயே காத்திருக்க வேண்டிய கட்டாயமும் முடிந்துவிட்டது.

ஆனாலும் கூட்டம் குறையவில்லை. கடந்துபோகும் இடமாக இருந்த நிலையம் வந்து தங்கும் இடமாக மாறியது. செல்வந்தர்கள் ஆற்றோரம் கோடை மாளிகைகள் கட்டினர்; மாடி அரங்கில் விருந்தும் இசையும் நடந்தன. யோஹானெஸ் பிராம்ஸ், கிளாரா ஷூமான், லிஸ்ட், பிஸ்மார்க், இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசர், கிரிம் சகோதரர்கள், விக்டோரியா மகாராணி என்று விருந்தினர் பட்டியல் நீளும். அதைச் சற்று நிதானமாகவே வாசிக்க வேண்டும். லிஸ்ட் தீவில் தங்கிய ஆண்டுகளில் இங்கே தண்டவாளமே கிடையாது. விக்டோரியாவின் புகழ்பெற்ற ரைன் பயணம் 1845இல், பானில் பேத்தோவன் சிலை திறந்தபோது நடந்தது. பின்னரும் அவர் ஜெர்மனிக்கு வந்ததுண்டு. கிரிம் சகோதரர்களில் இளையவரான வில்ஹெல்ம் 1859இல் காலமானார். ஆக, ஊருக்கு வந்தவர்களில் சிலர் காலப்போக்கில் நிலையத்துக்கு வந்தவர்களாக ஆகியிருக்கக்கூடும்.

எழுத்தில் பதிவான தொடர்புகள் இதைவிட உறுதியானவை. பானில் படித்த ஃபிரீட்ரிஹ் நீட்சே, 1872இல் பாசல் நகரில் கல்விநிலையங்களின் எதிர்காலம் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு ரோலான்ட்செக் மலைக்காட்டையே களமாக வைத்தார். கைத்துப்பாக்கி சுட்டுப் பழகப் போன இரண்டு மாணவர்கள், அமைதி தேடி அங்கு வந்த முதிய தத்துவஞானி ஒருவரிடம் அகப்பட்டுக்கொள்வதுதான் அதன் கதைச்சட்டம். பிரெஞ்சுக் கவிஞர் கியோம் அபோலினேர் 1901-02இல் எதிர்க்கரைப் பகுதியில் வீட்டாசிரியராக வேலை பார்த்தார்; அவருடைய ரைன் கவிதைகள் அந்த ஓராண்டின் விளைச்சல்.

முதல் உலகப்போருக்குப் பின் பயணிகள் குறைந்தனர். இரண்டாம் உலகப்போர் ஊருக்கு அருகிலேயே வந்தது: 1945 மார்ச் 7 அன்று அமெரிக்கப் படை கைப்பற்றிய ரெமாகென் பாலம் இங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே இருந்தது.

போருக்குப் பின் நிலையம் பாழடைந்தது. 1964 வாக்கில் இடிக்கப்படும் நிலைக்கு வந்தபோது, பானைச் சேர்ந்த ஓவியக்கூட உரிமையாளர் யோஹானெஸ் வாஸ்முத் அதற்குள் குடிபுகுந்தார். 1936இல் பிறந்த அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பியானோ கலைஞர் ஸ்டெஃபான் அஸ்கெனாசே அவருக்குத் துணைநின்றார். காலி அறைகளில் ஓவியர்களும் சிற்பிகளும் தங்கினர். மாடி அரங்கில் கச்சேரிகள் மீண்டும் தொடங்கின. பான் அப்போது மேற்கு ஜெர்மனியின் தலைநகர். அமைச்சர்களும் தூதர்களும் அரைமணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தூரம். ஊமை நாடகக் கலைஞர் மார்செல் மார்சோ, ஓவியர் ஓஸ்கார் கொகோஷ்கா, ஆணிகளால் சிற்பம் செய்த கூந்தர் ஊக்கர், பியானோ கலைஞர் மார்த்தா ஆர்கெரிச் முதலியோர் இக்காலத்து விருந்தினர்கள். இத்தனைக்கும் நடுவே கீழே ரயில்கள் வழக்கம்போல நின்று போய்க்கொண்டிருந்தன. ஃபிரைலிக்ராத் வளைவுக்குச் செய்ததை, ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வாஸ்முத் நிலையத்துக்குச் செய்தார் என்று ஒப்பிடுவோர் உண்டு. ஒருவர் வேண்டுகோள் எழுதினார். மற்றவர் பெட்டி படுக்கையோடு வந்தார் என்பதே வேறுபாடு.

வாஸ்முத்தின் நண்பர்களுள் சிற்பி ஹான்ஸ் ஆர்ப் ஒருவர். ஆர்ப் 1966இல் மறைந்தபின், அவருக்கும் அவருடைய முதல் மனைவி சோஃபி டாய்பர்-ஆர்ப்புக்கும் இங்கே அருங்காட்சியகம் அமைக்கும் எண்ணம் உருவானது. 1977இல் அதற்கான அமைப்பு தோன்றியது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மையர் வடிவமைப்பை ஏற்றார். 1997இல் இறந்த வாஸ்முத், அது எழுந்ததைப் பார்க்கவில்லை. சீரமைக்கப்பட்ட நிலையம் 2004இலும், மலைமேல் மையரின் வெண்ணிறக் கட்டடம் 2007 செப்டம்பரிலும் திறக்கப்பட்டன. பின்னதைத் திறந்துவைத்தவர் பிரதமர் அங்கேலா மெர்கெல். நிலையத்துக்குள் நுழைந்து, மலையைக் குடைந்த சுரங்கவழியே நடந்து, மின்தூக்கியில் ஏறித்தான் மேலே போக வேண்டும். ஆர்ப் மறைந்தபின் வார்க்கப்பட்ட சிற்பங்களை எந்த அளவுக்கு அவருடைய மூலப் படைப்புகளாகக் கொள்ளலாம் என்ற விவாதம் திறப்பையொட்டி எழுந்தது. அதில் கருத்தொற்றுமை ஏற்பட்டதாகச் சொல்ல முடியாது.

நோனன்வெர்ட் தீவில் நடந்துவந்த பள்ளி 2022இல் மூடப்பட்டது. எதிர்க்கரையின் பாட் ஹொன்னெஃப் ஊருக்கு வண்டிகளை ஏற்றிச்செல்லும் படகு ஓடுகிறது. விரைவு ரயில்கள் நிற்பதில்லை. கொலோன் - மைன்ஸ் தடத்தின் உள்ளூர் ரயில்கள் நிற்கின்றன. நடைமேடையில் இறங்குபவருக்கு அருங்காட்சியகத்தின் வாசல் சில எட்டுத் தொலைவில் இருக்கிறது.