திப்பிலி பிஞ்சு மிளகான கதை

ரோமப் பேரரசின் கிழக்கே, இன்றைய துருக்கியின் தென்பகுதியிலிருந்த அனசர்பஸ் ஊரைச் சேர்ந்தவர் தியோஸ்கோரிதீஸ். கி.பி. முதல் நூற்றாண்டில் இவர் கிரேக்கத்தில் எழுதிய ஐந்து பாக மருந்து நூல் மிளகைப் பற்றிச் சொல்வது நமக்கு வியப்பாக இருக்கும். அவர் கணக்கில் மிளகு மரம் முதலில் நீண்ட காயாகக் காய்க்கும், அதுதான் திப்பிலி. அதற்குள் இருக்கும் தினை போன்ற மணிகளே பிறகு மிளகாகும். முற்றாத மிளகு வெள்ளை, முற்றியது கறுப்பு. உண்மையில் திப்பிலி வேறு கொடி. கருமிளகு பச்சைக் காயைக் காயவைத்தது, வெண்மிளகு பழுத்ததன் தோலை நீக்கியது. அக்காலத்தார் கேட்டதையெல்லாம் நம்பினார்கள் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது நியாயமில்லை. அவர் பார்வையில் பழுதில்லை; பார்க்கக் கிடைத்ததுதான் குறை.

ஒரு செடியை முளையிலும் பருவத்திலும் வாடும்போதும் பார்த்தால்தான் அதை அறியமுடியும் என்று முன்னுரையில் வற்புறுத்தியவர் அவர். மிளகில் அதற்கு வழியில்லை. செங்கடல் துறைமுகமான பெரனிகேயின் அகழாய்வில், கோயில் வளாகத்தில் ஓர் இந்தியச் சாடி நிறையச் சுமார் 7.5 கிலோ கருமிளகு கிடைத்தது. மேற்கே போய்ச் சேர்ந்தது இப்படிக் காய்ந்த சரக்குதான். கொடி சேரநாட்டு மலையிலேயே நின்றுவிட்டது. கைக்கு வந்த சரக்கை அவர் நன்றாகவே சோதித்திருக்கிறார்: கனமாக, திரண்டு, அதிகம் சுருங்காமல், புதிதாக இருப்பதைப் பொறுக்கச் சொல்கிறார். காய்ந்த திப்பிலியை உடைத்துப் பாருங்கள், பொடிப்பொடியான மணிகள் இருக்கும். கண்டது சரி, அதை மிளகோடு முடிச்சுப்போட்டதுதான் பிழை.

வணிகரைக் கேட்டிருக்கலாமே என்று ஒருவர் சொல்லலாம். அதே நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கக் கடல்வழிக் கையேடான 'பெரிப்ளூஸ்' முசிறித் துறையையும் மிளகு விளையும் வட்டாரத்தையும் குறிக்கிறது. கொடி எப்படி இருக்கும் என்று சொல்வதில்லை. வணிகருக்கு வேண்டியது துறையும் விலையும்தான். அதே நூற்றாண்டின் ரோம எழுத்தாளர் பிளினி தரும் விலைப்படி ஒரு ராத்தல் திப்பிலி 15 தெனாரியஸ் காசு, வெண்மிளகு 7, கருமிளகு 4. கடையில் மூன்றையும் பிரித்து வைக்க இதுவே போதும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத் தாவர அறிஞர் தியோஃப்ராஸ்டஸ், மிளகில் உருண்டை, நீளம் என்று இரு வகை உண்டு என விவரிப்பதோடு நிறுத்திக்கொண்டார். தியோஸ்கோரிதீஸும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பருவம்தோறும் செடி மாறும் என்பதை வயல்வெளியில் கற்றவர் அந்தப் பாடத்தையே காணாத கொடிக்கும் பொருத்தினார். அவருடைய நல்ல முறையே இங்கே அவரை வழிதவறச் செய்தது. நூலின் பெருமதிப்பால் அந்தப் பிழையும் நிலைத்தது. கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, திப்பிலி தனிச் செடி என்று மறுத்து எழுதிய நூல் அச்சானது 1563இல்.