ஏக்கர் கணக்கில் விடுபட்டவர்கள்: இலங்கைத் தோட்டங்கள் அரசுடைமையான வரலாறு

இலங்கையின் 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டத்தில் முதலில் கண்ணில் படுவது அதன் எண்கள்தான். நெற்காணி என்றால் ஒருவருக்கு 25 ஏக்கர், மற்றக் காணி என்றால் 50 ஏக்கர். மிஞ்சியது காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்குப் போய்ச்சேரும். 18 வயது நிறைந்த பிள்ளைகள் தனி உடைமையாளராகக் கணிக்கப்பட்டதால், பிள்ளைகள் வளர்ந்த வீடுகள் தங்கள் காணியில் கணிசமான பங்கைத் தக்கவைத்துக்கொண்டன. உடைமையாளரை இவ்வளவு நுணுக்கமாக எண்ணிய சட்டம், அதே காணியில் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியிருந்து தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு உரிமை எதையும் வகுக்கவில்லை. இது மறதியால் நேர்ந்ததல்ல. அவர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் காணியைப் பகிரும் சட்டத்துக்கு 24 ஆண்டுகள் முந்திக்கொண்டன. பின்னால் நடந்தவற்றில் பெரும்பகுதி இந்த வரிசையிலேயே தீர்மானமாகிவிட்டது.

கதை 1840இல் தொடங்குகிறது. அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியவை என்று கொண்டது. மலைநாட்டுக் காணி ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விலைபோனது. வாங்கியவர்களில் ஆங்கிலேய அரசாங்க உத்தியோகத்தர்களே பலர். முதலில் கோப்பி வந்தது. 1869இல் தொடங்கிய இலைநோய் அதை அழித்தபின் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கண்டிச் சிங்கள விவசாயி இதனால் எவ்வளவு காணி இழந்தார் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. தோட்டமான உயர்காடுகளில் பெரும்பகுதி நிரந்தரமாக உழப்பட்ட நிலமல்ல என்பது ஒரு தரப்பு. காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் அந்தக் காடே ஆதாரம் என்பது மறுதரப்பு. என் பார்வையில் இரண்டாவதே வலுவானது. கிராமத்தைச் சுற்றித் தோட்டம் வளைத்துக்கொண்ட பிறகு அடுத்த தலைமுறை விரிந்து செல்ல இடம் இருக்கவில்லை. குறை நியாயமானது. அந்தக் குறைக்குப் பொறுப்பாளி யார் என்பதில்தான் பிற்கால அரசியல் தடம் மாறியது. காணியை எடுத்தவர் இலண்டனில் இருந்தார். கண்ணெதிரே தெரிந்தவர் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்க் கூலி.

1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. மறு ஆண்டே அவர்களின் குடியுரிமையைப் பறித்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

1972 காணிச் சீர்திருத்தத்தை அவசரப்படுத்தியது 1971 ஏப்ரலில் நடந்த மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) கிளர்ச்சி. வேலையும் காணியும் இல்லாத சிங்களக் கிராமத்து இளைஞரைச் சமாதானப்படுத்த அரசுக்கு ஏதாவது தேவைப்பட்டது. விவசாய, காணி அமைச்சர் ஹெக்டர் கொப்பேகடுவ கொண்டுவந்த சட்டத்தின் மூலம் சுமார் 5.6 லட்சம் ஏக்கர் கைமாறியது. பொதுக் கம்பெனிகளின் காணி விலக்கப்பட்டது. அதாவது, உள்நாட்டுத் தனியார் தோட்டம் போனது, பிரிட்டனில் பதிவான ஸ்டேர்லிங் கம்பெனிகளின் தோட்டம் தப்பியது. ஏகாதிபத்திய எதிர்ப்பு பேசிய ஆட்சிக்கு இது சங்கடமான முதல் அடி.

எடுத்த காணியில் ஒரு பகுதி தேர்தல் தொகுதிக் கூட்டுறவுகளின் கைக்குப் போனது. அவற்றின் கடிவாளம் அந்தந்தத் தொகுதி அரசியல்வாதிகளிடம் இருந்தது. ஆதரவாளருக்கு வேலை கொடுக்க வேண்டியிருந்ததால் பல இடங்களில் தமிழ்த் தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். வேலையோடு லயத்து அறையும் பிணைந்திருந்ததால், பேர் வெட்டப்பட்டவருக்கு வீடும் இல்லாமற்போனது. 1973-74இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது இதன் விளைவு தெரிந்தது. ரேஷன் மாவும் அரிசியும் குறைந்தன. மரவள்ளி நடுங்கள் என்று அரசு சொன்னது. கிராமத்தவர் நட்டார்கள். லயத்து வாசலுக்கு எதிரே தேயிலைதான் இருந்தது, அதைப் பிடுங்கி மரவள்ளி நட யார் விடுவார்? ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டில் வேலையில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட நாளில் கூலியும் இல்லை. தோட்டப்புற இறப்பு வீதம் அக்காலத்தில் நாட்டின் சராசரியைவிட மிக உயர்ந்தது. தாயகம் திரும்பும் எண்ணமே இல்லாதிருந்த பலர் இந்தியக் கடவுச்சீட்டை ஏற்று, தலைமன்னாரில் கப்பலேறியதற்கு இந்தப் பட்டினியும் ஒரு காரணம். நீலகிரியில் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்கள் இப்படி வந்தவர்களுக்கு வேலை தரவே உருவாக்கப்பட்டன.

கம்பெனித் தோட்டங்களின் முறை 1975இல் வந்தது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. எடுப்பதா வேண்டாமா என்பதைவிட, எடுத்தால் எந்த அமைச்சுக்கு என்பதே பெரும் பூசலாயிற்று. பெருந்தோட்டத் துறை அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா தன் அமைச்சுக்கே உரியது என்றார், கொப்பேகடுவ விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பிளவும் சேர்ந்து, செப்டெம்பரில் கொல்வினின் லங்கா சமசமாஜக் கட்சி கூட்டணி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஒக்டோபரில் 39ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. 395 தோட்டங்கள், சுமார் 4.2 லட்சம் ஏக்கர். இரண்டு கட்டங்களும் சேர்ந்து நாட்டின் தேயிலைப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அரசுடைமையானது. பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு நட்ட ஈடு தரப்பட்டது. நிர்வாகம் ஜனவசம எனப்பட்ட மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபைக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் பிரிந்தது. துரை பங்களாவும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் இருந்த இடத்தில் இருந்தார்கள்.

தொழிலாளர் காணியின் பெயரால் எதிர்த்து நின்றது 1977இல். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்துச் சிங்களக் கிராமத்தவருக்குப் பகிரத் திட்டமிடப்பட்டது. மே 11ஆம் திகதி தலவாக்கலை டெவன் தோட்டத்தில் திரண்ட தொழிலாளர் மீது பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். வேலைநிறுத்தம் பரவியது, பகிர்வு கைவிடப்பட்டது. இந்தப் போராட்டத்தில் யாரும் தமக்கென்று ஓர் ஏக்கர் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தைத் துண்டு போடாதே என்பதே கோரிக்கை. துண்டு போட்டால் லயமும் வேலையும் சேர்ந்தே போகும் என்பதை முந்திய ஐந்தாண்டுகள் கற்றுக்கொடுத்திருந்தன. அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியின் மூன்றாம் உறுப்பினராகத் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் வென்றார். 1947க்குப் பின் தோட்டத் தமிழரின் பிரதிநிதி தேர்தல் மூலம் பாராளுமன்றம் சென்றது அப்போதுதான்.

1980களில் அரசுத் தோட்டங்கள் நட்டத்தில் ஆழ்ந்தன. 1992இல் அவை 22 பிராந்தியக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டுத் தனியார் நிர்வாகத்துக்கு விடப்பட்டன. பின்னர் பெரும்பான்மைப் பங்குகளும் விற்கப்பட்டன. ஆனால், காணியை அரசு விற்கவில்லை, 53 ஆண்டுக் குத்தகைக்கே கொடுத்தது. நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. பயனாளியாவதற்கான தகுதி வந்து சேர்ந்தபோது பகிர்வதற்கு வைத்திருந்த காணி குத்தகைக்குப் போய்விட்டிருந்தது. பின்னர் வந்த சில வீடமைப்புத் திட்டங்கள் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று அளந்தன. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். அந்த 7 பேர்ச்சையும் குத்தகையிலிருந்து விடுவித்துத்தான் கொடுக்க வேண்டும். 1992இல் தொடங்கிய குத்தகை முடிவது 2045இல்.