கல்நாரும் சுரங்கத் தொழிலாளரும்

நடவாத காரியத்தைக் 'கல்லிலே நார் உரிப்பது' என்று நம்மவர் சொல்வதுண்டு. ஆனால், உண்மையாகவே நார் உரியும் கல் உலகில் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் அதற்குத் தமிழிலும் கல்நார் என்றே பெயர். அது நெருப்பில் எரியாது. நூலாக நூற்று ஆடையாக நெய்யலாம். சிமெண்டோடு கலந்து கூரைத் தகடாக வார்க்கலாம். இத்தனை பயனுள்ள நாரை மலையைக் குடைந்து எடுத்த மனிதருடைய நுரையீரலுக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கே காண்போம்.

இத்தூசியின் தீமை முதலில் தெரியவந்தது சுரங்கத்தில் அன்று; ஆலையில். 1898-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்கள் இதைப் பற்றித் தம் அறிக்கையில் எச்சரித்தனர். 1924-இல் ராச்டேல் நகரத்து ஆலைத் தொழிலாளி ஒருவரின் மரணத்தை டாக்டர் குக் மருத்துவ இதழில் விவரித்தார். 1930-இல் மெரிவெதர், பிரைஸ் என்னும் இருவர் 363 தொழிலாளரைச் சோதித்து வெளியிட்ட அறிக்கை ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. நால்வரில் ஒருவருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகியிருந்தது. மறு ஆண்டே ஆலைத் தூசியைக் கட்டுப்படுத்த அந்நாட்டில் விதிகள் பிறந்தன. ஆனால், கடல் கடந்த சுரங்கங்களுக்கு அவ்விதிகள் செல்லவில்லை.

நோய் உண்டாகும் விதம் இது. கல்நார் இழை நீளவாக்கில் பிளந்துகொண்டே போய்க் கண்ணுக்குப் புலப்படாத ஊசிகளாகிறது. மூச்சோடு உள்ளே புகும் அவ்வூசிகளை உடலின் காவல் அணுக்களால் விழுங்கிச் செரிக்க இயலாது. அவை தங்கிய இடத்தில் புண்ணும் தழும்பும் உண்டாகி, நுரையீரல் விரிந்து சுருங்கும் தன்மையை இழக்கிறது. படியேறினாலே மூச்சு இரைக்கிறது. நுரையீரல் புற்றுநோயும் வரலாம். புகைபிடிப்பவருக்கு அந்த அபாயம் பன்மடங்காகும். நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் இவற்றினும் கொடியது. அது வெளிப்பட முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் முதலிய மருத்துவர்கள் இந்நோயாளிகள் 33 பேரைப் பற்றி எழுதினர். அவருள் சிலர் சுரங்கத்தில் கால் வைத்தவரே அல்லர்; குழந்தைப் பருவத்தில் அதன் அருகே வாழ்ந்தவர்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகருக்கு வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விட்டநூம் என்னும் ஊர் இருந்தது. 1943 முதல் 1966 வரை அங்கே நீலக் கல்நார் வெட்டப்பட்டது. கல்நார்ப் படுகை உயரம் குறைந்ததாகையால், தொழிலாளர் குனிந்தபடியே துளையிட்டனர். ஆலைக் கழிவை ஊரார் வீதியிலும் முற்றத்திலும் கொட்டிப் பரப்பினர். குழந்தைகள் அதில் விளையாடினர். 1948-இலேயே டாக்டர் எரிக் செயின்ட் அரசாங்கத்துக்கு எழுதி எச்சரித்தார். எனினும் வேலை தொடர்ந்தது. 1966-இல் சுரங்கம் மூடப்பட்டதும் இலாபம் குன்றியதனாலேயே.

அங்கே வேலை செய்த சுமார் 7,000 பேரில் பலர் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். சில மாதங்களே உழைத்துவிட்டு வேறிடம் போனவர்கள் மிகுதி. நோயோ பல்லாண்டு கழித்து, அவர்கள் சென்று குடியேறிய ஊர்களில் வெளிப்பட்டது. கம்பெனியின் வேலைப் பதிவேடுகள் எஞ்சியிருந்தபடியால் ஆராய்ச்சியாளர்கள் அவர்களைத் தேடிக் கண்டனர். அப்பதிவேடுகள் இல்லையேல், ஆங்காங்கே நிகழ்ந்த மரணங்களை ஒரே சுரங்கத்தோடு இணைப்பது அரிதாகியிருக்கும். 2007-இல் அவ்வூரே அரசின் ஊர்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

நம் நாட்டிலும் ராஜஸ்தான், ஆந்திரம், இன்றைய ஜார்க்கண்ட் ஆகிய இடங்களில் கல்நார் வெட்டப்பட்டது. ஜாம்ஷெட்பூரில் வாழும் தமிழர் அறிந்த சிங்பூம் வட்டாரத்தில், சாயிபாசா அருகேயுள்ள ரோரோ மலைச் சுரங்கம் 1983-இல் கைவிடப்பட்டது. கழிவுக் குவியல்கள் சரிவிலேயே விடப்பட்டன. 1986-இல் புதிய சுரங்கக் குத்தகைகளை அரசாங்கம் நிறுத்தியது. இருப்பினும் அயல்நாட்டுக் கல்நார் இறக்குமதியாகிக் கூரைத் தகடாகி வருகிறது. ஆகவே இக்கதை முடிந்த கதை அன்று.

ஆமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தொழிலாளியின் உடல்நலமும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று அது கூறியது. கல்நார்த் தொழிலில் உள்ள ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ, விலகிய பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. நாள் கடந்து வெளிப்படும் நோய்க்கு ஏற்ற ஆணை இது.

ஊர்விட்டு ஊர் சென்று உழைக்கும் நம்மவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். சுரங்கத்திலோ, தகட்டு ஆலையிலோ, பழைய கப்பலையும் கட்டடத்தையும் உடைக்குமிடத்திலோ உழைத்தவர், தம் வேலைச் சான்றையும் மார்புப் படத்தையும் பத்திரப்படுத்துதல் வேண்டும். எத்தனை ஆண்டு கழித்து மூச்சுத் திணறல் கண்டாலும், எங்கே என்ன வேலை செய்தோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுதல் வேண்டும். ஊர் திரும்பியவரின் இருமலைக் கேட்கும் மருத்துவருக்கு அந்தத் தூரத்துச் சுரங்கம் தானாகத் தெரியாதன்றோ!