திண்ணனூர் நாட்டில் ‘ஒரு பைசாத் தமிழன்’



1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்கத் தாளொன்று வெளிவந்தது. அதன் விலையே அதன் பெயரிலும் இருந்தது: ‘ஒரு பைசாத் தமிழன்’. அயோத்திதாசப் பண்டிதர் நடத்திய அவ்விதழ் ஓராண்டில் ‘தமிழன்’ என்றாயிற்று. 1914இல் அவர் மறையும்வரை வாரந்தோறும் வந்தது. 1926 முதல் ஜி. அப்பாதுரையார் அதைக் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். அதற்கும் முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ தொடங்கியிருந்தார். ஊர் இழிவாக உச்சரித்த பெயரையே இதழின் தலைப்பாக்கினார்.

பழைய பத்திரிகை என்றதும் ‘சுதேசமித்திரன்’, ‘இந்தியா’ ஆகியவற்றையே நினைக்கும்படி வளர்க்கப்பட்டவர்கள் நாம். நம்மவர்களும் பத்திரிகை நடத்தினார்கள் என்பதைத் தாமதமாகத்தான் அறிந்தோம். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பாதுகாத்த தாள்களிலிருந்தே ஞான. அலாய்சியஸ் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுப்பை உருவாக்கினார். 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அதை வெளியிட்டது. 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களின் வரலாற்றை ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதினார்.

தொகுப்பு நூல் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரித்துத் தருகிறது. அது பெரும்பணி. ஆனால் இதழின் பக்கத்தை அப்படியே படமெடுத்து வைத்தால் இன்னொன்றும் கிடைக்கிறது. கட்டுரைக்கு அருகிலேயே வாசகர் கடிதமும் விளம்பரமும் கூட்ட அறிவிப்பும் இருக்கின்றன. அந்த இதழை யார், எந்த ஊரில் வாசித்தார்கள் என்பதை அவைதாம் சொல்லும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகம், ஈழத்து நூலகம் நிறுவனம் போன்றவை செய்துவரும் மின்னாக்கப் பணி இதனால்தான் நமக்கு முக்கியம். சென்னைக்குப் போய்த் தங்கிப் படிக்க வசதியற்ற மாணவருக்கும் பழைய தாள் கைக்கு எட்டுகிறது.

எனினும் தேடத் தெரிய வேண்டும். ‘தலித்’ என்று தேடினால் 1907ஆம் ஆண்டின் தாள் பேசாது. பஞ்சமர், ஆதி திராவிடர், பூர்வ பௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர் என்று ஒவ்வொரு பெயராக இட்டுப் பார்க்க வேண்டும். எந்தப் பெயரை யார் சூட்டினார், எதை நாமே தேர்ந்துகொண்டோம் என்பதே ஒரு வரலாற்றுப் பாடம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா போன்ற எழுத்துருக்களைக் கணினி தவறாகப் படிக்கக்கூடும். ஆகவே, தேடலில் வராதது நடக்கவேயில்லை என்று முடிவுகட்டக் கூடாது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஆங்கில அரசு தயாரித்த சுதேசப் பத்திரிகை அறிக்கைகளிலும் நம் இதழ்களின் சுருக்கங்கள் உண்டு. ஆனால் அவை அரசு கேட்க விரும்பியவற்றின் சுருக்கங்கள் என்பதை மறக்கலாகாது.

இப்போது கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றான திண்ணனூர் நாட்டு வகுப்பறைக்கு வருவோம். அங்கே படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளின் வரலாற்றை நம் வரலாற்றின் கிளையாக எழுத நமக்கு உரிமையில்லை. தேடும் வழியைத்தான் பகிர்ந்துகொள்ள முடியும். நாமக்கல் மாவட்டம் 1997இல்தான் உருவானது. அதற்கு முந்தைய செய்திகளைச் சேலம் என்ற பெயரிலும் தேட வேண்டும். கொல்லிமலை பற்றிய பழைய செய்தி ஒன்று கிடைத்தால் ஆசிரியர் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: எழுதியவர் மலையில் வாழ்ந்தவரா, வந்து போனவரா? மலைமக்கள் அதில் பேசுகிறார்களா, பேசப்படுகிறார்களா? இதே சங்கதியை உங்கள் பாட்டி எப்படிச் சொல்கிறார்? பாட்டி சொன்னதை நாளும் பெயரும் குறித்து எழுதிச் செய்தியின் அருகே ஒட்டட்டும். இரண்டும் சான்றுகளே.

இன்னொன்றும் உண்டு. பழைய தாளில் சாதியை இழித்துரைக்கும் சொற்கள் வரும். அச்சொல்லால் காயப்பட்ட குழந்தை அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அதை உரக்க வாசிக்கச் செய்யும் முன் ஆசிரியர் யோசிக்க வேண்டும். மறைக்க வேண்டாம், அந்தச் சொல்லை எதிர்த்து நம்மவர் எழுதிய பக்கத்தையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

நினைவுப் பேருரை கேட்டுக் கலைவதோடு நம் வேலை முடியவில்லை. நம் வீட்டுப் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் சங்க நோட்டீஸ்கள், மாநாட்டு அழைப்புகள், நின்றுபோன சிற்றிதழ்கள் கிடக்கின்றன. இந்த வாரமே அவற்றை எடுத்துத் தூசி தட்டுவோம். உரியவர் சம்மதத்தோடு படமெடுத்து, ஊரும் ஆண்டும் குறித்து, ஒரு படியை நூலகத்துக்குக் கொடுப்போம். அன்று சிலர் தாளைக் காத்ததால்தான் இன்று நாம் அயோத்திதாசரைப் படிக்கிறோம்.