தஞ்சைக் கலைக்கூடமும் அதன் ஆட்சிமுறையும்

தஞ்சை அரண்மனை வளாகத்தில் உள்ள சரசுவதி மகால் நூலகம், அரச மரபினரின் உடைமையாயிருந்து, 1918-இல் அரசு அமைத்த குழுவின் ஆட்சிக்கு உட்பட்டது. அவ்வளாகத்திலேயே அமைந்த கலைக்கூடமோ மன்னர் திரட்டிய செல்வமன்று. கரந்தையில் இருந்த பிரமன் சிலையை வெளியூர்க்குக் கொண்டுசெல்லும் முயற்சியை மக்கள் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பே வித்தாக, மாவட்ட ஆட்சித் தலைவர் டி. கே. பழனியப்பனார் 1951-இல் இக்கூடத்தை நிறுவினார்.

நிலவரி தண்டும் அலுவலர்க்குச் சிலை காக்கும் பொறுப்பு வாய்த்தது வியப்பன்று. புதையல் கண்டோர் அவர்க்கே அறிவித்தல் வேண்டுமென 1878-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. காவிரிப் படுகையிலோ செப்புத் திருமேனிகள் பல மண்ணுள் மறைந்து கிடந்தன. திருவெண்காட்டில் வெளிப்பட்ட விடையூர்திப் பெருமான் இக்கூடத்தின் மணிமுடி எனலாம். 1011-இல், முதலாம் இராசராசன் காலத்தில் எழுந்த திருமேனி அது. சாய்ந்து ஊன்றிய கையின்கீழ் விடை இன்று இல்லை. ஆயினும் அக்கை வறிதாய்த் தோன்றுவதில்லை என்பது எம் கருத்து.

ஆட்சித் தலைவரின் ஆணை, காவலின்றிக் கிடந்த சிலைகளைத் திரட்டுதற்குப் போதும். ஆனால் அவர் சில்லாண்டில் இடம் மாறுபவர். ஒரு சிலை எவ்வூரில், எந்நிலையில் கிடைத்தது என்னும் செய்தியைப் பேணுதல் நெடுநாள் உடனிருக்கும் காப்பாட்சியர் கடனே. ஆதலின், திரட்டிய தலைமையினும் பேணும் பதவியே நாளடைவில் முதன்மை பெறுதல் வேண்டும் என யாம் துணிகின்றோம். அன்று பிரமனைப் போகவிடாது தடுத்த கரந்தையார்க்குக் கூடம் நடைத்தொலைவே. திருவெண்காட்டார்க்கோ தம் ஊர்ப் பெருமானைக் காண நெடும்பயணமும் நுழைவுச் சீட்டும் வேண்டும்.